அவள் திரும்பும் காட்சி

தெய்வநாயகம் இருபத்திரண்டு வருடம் இறந்தவர்களின் முகத்தை வரைந்தவர். அடையாளம் தெரியாத உடல் ஏதாவது பிணவறைக்கு வந்தால் போலீஸில் அவரைக் கூப்பிடுவார்கள். இறந்தவர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருப்பார் என்று வரைந்து கொடுப்பார். அந்தப் படத்தை நோட்டீஸாகச் சுவரில் ஒட்டுவார்கள். பல நேரம் யாராவது வந்து அழுது உடலை வாங்கிப்போவார்கள். வராததும் உண்டு.

அப்படி யாரும் வராமல் போன ஒரு பெண்ணை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. முப்பது வயது இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தாள்.

ஐம்பத்தோரு வயதில் அவர் வேலையை விட்டார். திருச்சி பாலக்கரையில் சைக்கிள் கடை மாடியில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். ஆசிரியைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

"ஆறு நிமிஷப் படம் டீச்சர். ஒரு பொண்ணு ஊருக்குள்ள வர்றா. வீடு வீடாக் கதவைத் தட்டி, 'என்னைத் தெரியுதா'ன்னு கேக்குறா."

"யார் கதவைத் திறக்கிறாங்க?"

"பால்காரர், டெய்லர், ஒரு நர்ஸம்மா... இப்படி."

"அவங்களை எல்லாம் வரைஞ்சுட்டு வாங்க சார்."

ஒரு வாரம் கழித்து ஐந்து தாள்களோடு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"பென்சில், இங்க், வாட்டர் கலர், எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். எதுவும் ஒட்ட மாட்டேங்குது. எந்த ஸ்டைல்ல போகலாம்னு நீங்கதான் சொல்லணும்."

ஜெசிந்தா தாள்களை வாங்கினார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

ஐந்து முகங்கள் தெரியவேண்டிய இடத்தில் ஒரே ஒரு முகம் தெரிந்தது.

பால்காரரின் மீசையும் நர்ஸின் தொப்பியும் மேலே நிழலாய் மிதந்தன. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன. எல்லாருக்கும் கண்ணைத் திறந்துதான் வரைந்திருந்தார். வெளிச்சத்தில் அந்தக் கண்கள் மூடியிருந்தன.

ஜெசிந்தா குனிந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியாத முகம். யார் சார் இது?"

தெய்வநாயகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஸ்டேஷன் பெஞ்சைப் பற்றிச் சொன்னார். "வீட்டுக்காரியை வரைஞ்சாலும் இந்த அம்மாதான் வர்றாங்க. காலையில ஷேவ் பண்ணக் கண்ணாடியப் பாக்கவே பயமா இருக்கு."

"எத்தனை தடவை இவங்களை வரைஞ்சீங்க?"

"கணக்கே இல்ல."

"பேர் தெரிஞ்சுதா?"

"இல்ல."

ஜெசிந்தா அலமாரியிலிருந்து கெட்டியான தாள் ஒன்றும் கரித்துண்டு ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். "அவங்க நடந்து வர்ற மாதிரி வரைங்க."

வரைந்தார். கடைசிக் கோடு முடிந்ததும் ஜெசிந்தா உள்ளங்கையைப் பெண்ணின் முகத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். முகம் போய்க் கறுப்புப் புகை மாதிரி ஒரு கறைதான் மிஞ்சியது.

தெய்வநாயகம் பதறிப்போய் எழுந்துவிட்டார். "டீச்சர்! எனக்குத் தெரிஞ்ச தொழிலே முகம்தான்."

"போட்டோ எடுங்க. இந்தத் தாள்லயே அழிச்சு, முகமில்லாம அவங்க வைக்கிற அடுத்த அடியை வரைங்க. போட்டோவை வரிசையா ஓட்டினா அதுதான் படம். முடியற வரைக்கும் வேற தாள் கிடையாது."

நான்கு மாதம் ஆனது. அழித்த இடம் முழுசாக அழியவில்லை. தட்டிய கதவுகள் மங்கலாய்ப் பின்னால் நின்றன. அந்தப் பெண் வந்த வழியெல்லாம் அவளுடைய சாயலே அவளைத் தொடர்ந்து வந்தது. எந்த ஸ்டைல் என்று தெய்வநாயகம் அப்புறம் கேட்கவே இல்லை.

கடைசிக் காட்சியில் அவள் தெருமுனையில் நின்று திரும்பவேண்டும்.

"இங்க மட்டுமாவது முகத்தை வரையட்டுமா டீச்சர்?"

"வேண்டாம் சார்."

படம் முடிந்த மத்தியானம் ஜன்னல்களை அடைத்துவிட்டு இருவரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். தெருமுனையில் அவள் திரும்பினாள். கண்ணைத் திறந்து தெய்வநாயகத்தைப் பார்த்தாள்.

அவர் பாய்ந்து படத்தை நிறுத்தினார். ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெறும் கரிக்கறை. மறுபடி ஓட்டினார். மறுபடியும் பார்த்தாள்.

"நீங்க ஏதாவது வரைஞ்சு சேத்தீங்களா?"

"நான் தொடவே இல்ல."

"கண்ணைத் திறந்து பாத்தாங்க. நீங்களும் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அந்த அம்மாதானே?"

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல சார். எங்க அக்கா. வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷமாச்சு. இன்னொரு தடவை போடுங்க."