குரங்கு அடைத்த ஓட்டைகள்

காட்டுக் குளத்துக்கு மேலே இருந்த பாறை இடுக்கில் செம்பி என்கிற முயல் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். இடமா அது? உள்ளே மூன்று பேர் ஒட்டிப் படுக்கலாம். வாசலில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு திட்டு. அவ்வளவுதான்.

கீழே புல்வெளியில் நரிகள் வந்து குடியேறிவிட்டன. மூத்த குட்டி ஓடித் தப்பிவிடும். இளையவனுக்குப் பிறவியிலேயே ஒரு கால் நொண்டி. அவனைப் புல்வெளிக்கு அழைத்துப் போகவே முடியாது. அவன் பிழைக்க வேண்டுமென்றால் கீரை வாசலுக்கே வர வேண்டும் என்று செம்பி முடிவு செய்தாள்.

ஓடையில் மிதந்து வந்த கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டுவந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் பல்லால் குடைந்து ஓட்டை போட்டாள். குளத்து வண்டலையும் மட்கிய இலையையும் கலந்து நிரப்பினாள். வெயில் படும் திட்டில் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஒடித்து ஊன்றினாள். நிழலான உள்பக்கத்தில் வல்லாரை வைத்தாள். பாசியைக் குளத்தில் நனைத்து, கவ்விக்கொண்டு ஏறி, பிழிந்து பிழிந்து தண்ணீர் விட்டாள்.

மேலே இருந்த அகலமான பாறை முழுவதையும் சடையன் என்கிற குரங்கு பிடித்து வைத்திருந்தான். அங்கே வாலை நீட்டிப் படுப்பதைத் தவிர அவன் ஒரு வேலையும் செய்ததில்லை.

"ஏம்மா செம்பி, கொட்டாங்கச்சியில வெவசாயமா?" என்று காடே கேட்கும்படி சிரித்தான்.

கீரை தழைத்தது. நொண்டிக் குட்டியின் விலா எலும்பு மறைந்தது. போகிற வருகிற விலங்கெல்லாம் நின்று பார்த்து மெச்சின. சடையனுக்கு வயிறு எரிந்தது. செம்பி தண்ணீருக்கு இறங்கிய நேரம் பார்த்து, உள்ளே வெளியே இருந்த கொட்டாங்கச்சி அத்தனையையும் தூக்கித் தன் பாறையில் வைத்துக்கொண்டான்.

மைனா பார்த்தது. உடும்பும் பார்த்தது. நமக்கு எதுக்கு வம்பு என்று இரண்டும் வாயைத் திறக்கவில்லை; முன்பு நின்று மெச்சிய விலங்குகளும் திறக்கவில்லை. எனக்குக் குரங்கின் மேல் வரும் கோபத்தைவிட இவர்கள் மேல்தான் அதிகம் வருகிறது.

செம்பி போய்க் கேட்டாள். அது தன் தோட்டம் என்று சடையன் கூசாமல் சொன்னான். அவள் வழக்குத் தீர்க்கும் கரடியாரிடம் ஓடினாள். தேன் எடுத்து முடித்துவிட்டு வருவதாக அவர் சொல்லி அனுப்பினார். அவர் தேன் எடுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது! மறுபடி ஊன்ற ஒரு கொட்டாங்கச்சிகூட இல்லாமல், செம்பியின் இளைய குட்டி அந்த வாரம் முழுவதும் காய்ந்த பாசியை மென்றுகொண்டு கிடந்தான்.

ஒருவழியாகக் கரடியார் வந்தார். எல்லாரும் மேல் பாறையில் கூடினார்கள். செடிகள் மஞ்சளாகித் தலை தொங்கி நின்றன. அழுகல் நாற்றம் அடித்தது.

பாறையும் தன்னுடையது, செடியும் தான் வைத்தது என்று சடையன் வாதாடினான். செம்பி ஒரு கொட்டாங்கச்சியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மரப்பிசின் அப்பியிருந்தது.

"இதை அடைச்சது யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான்," என்றான் சடையன் பெருமையாக. "ஊத்துற தண்ணியெல்லாம் கீழ ஒழுகி வீணாப் போச்சு. எல்லா ஓட்டையையும் நாந்தான் அடைச்சேன்."

கரடியார் அவனை உற்றுப் பார்த்தார். "நீ வச்ச தோட்டம்னா, அந்த ஓட்டை எதுக்குன்னு சொல்லு பாப்போம்."

சடையன் தலையைச் சொறிந்தான்.

செம்பி அவன் முன்னால் போய் நின்றாள். "வேர் தண்ணியில ஊறி அழுகக் கூடாதுன்னு என் பல்லு வலிக்க வலிக்க நான் போட்ட ஓட்டை அது! நீயும் திங்கல, என் புள்ளையையும் திங்க விடல. வாழ்ந்துகிட்டிருந்த செடியையும் கொன்னுட்ட."

அப்போதுதான் மைனா மெல்ல வாயைத் திறந்தது. "கரடியண்ணே, இவன் தூக்கிட்டுப் போனதை நான் அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றாள் செம்பி.

வெயில் விழும் பாதிப் பாறை இனி முயலுக்கு என்றும், கீரை மறுபடி தழைக்கும்வரை சடையன்தான் தண்ணீர் சுமக்க வேண்டும் என்றும் கரடியார் தீர்ப்புச் சொன்னார். சடையன் கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிப்பு இருக்கட்டும். மொதல்ல அந்தப் பிசினைச் சொரண்டு," என்றாள் செம்பி.

அவன் சுரண்டச் சுரண்ட, அழுகிய தண்ணீர் வடிந்தது. செம்பி தண்டுகளைக் கிளறி, கணுவில் இன்னும் பச்சை மிச்சமிருந்த இரண்டை மட்டும் ஒடித்து எடுத்தாள். நொண்டிக் குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவற்றைப் புதுமண்ணில் ஊன்றினாள்.

பிறர் பாடுபட்டு வளர்த்ததைத் திருடிக்கொண்டு போய்விடலாம், ஆனால் அதை உயிரோடு வைத்திருந்த அக்கறையை யாராலும் திருட முடியாது.