தலைகீழாகத் தொங்கிய குருவி

லேஸ் பின்னக் கற்றுக்கொள்ள அந்த ஊரில் ஆண்கள் யாரும் ஜெனோவாவிடம் போனதில்லை. தவக்காலம் தொடங்கிய இரண்டாம் வாரம் யாகப்பன் போனார்.

அவருக்கு அறுபத்தாறு வயது. முழங்கால் கெடும்வரை கடலுக்குப் போனவர். அதன் பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர். ஜெனோவாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள தையல் கூடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் டீச்சர்.

"என்ன மாமா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று வாசல் பக்கம் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"டீச்சரைப் பாக்க வந்தேன்."

ஜெனோவா நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒரு நூல் குருவி பின்னச் சொல்லித் தரணும்," என்றார் யாகப்பன்.

"ஒரு குருவின்னா நானே பின்னித் தாறேன் மாமா. அரை நாள் வேலை."

"வேண்டாம். என் கையால செய்யணும்."

"எப்ப வேணும்?"

"ஈஸ்டர் மேசைக்கு."

"யார் வீட்டு மேசை?"

யாகப்பன் ஜன்னலைப் பார்த்தார். கூடத்தில் ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"கிழக்குத் தெருவுல ஒரு வீடு," என்றார்.

கிழக்குத் தெருவில் அவருடைய தம்பி தொபியாஸ் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடமாக யாகப்பன் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை என்பதும் தெரியும். கோயிலுக்குக்கூட மணல் வழியாகச் சுற்றித்தான் வருவார்.

ஜெனோவா ஒரு கொக்கி ஊசியையும் ஒரு நூல்கண்டையும் எடுத்துக் கொடுத்தாள். "ஊசி கூடத்துச் சொத்து. திருப்பித் தரணும்," என்றாள்.

குருவி பின்னுவது பார்வைக்கு எளிது. அலகில் தொடங்க வேண்டும். நூலைக் கொக்கியால் இழுத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி. சுற்றிச் சுற்றி வந்தால் தலை வரும், கழுத்து வரும், வயிறு வரும். வயிற்றில் பஞ்சை வைத்துக் குறுக்கிக்கொண்டே போனால் வாலில் முடியும்.

மூன்றாம் நாள் யாகப்பன் ஒரு குருவியைக் கொண்டுவந்து வைத்தார். பெஞ்சில் வைத்தபோது 'டொக்' என்று சத்தம் கேட்டது.

பெண்கள் ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

"மாமா, இதைக் கட்டி வலையைக் கடல்ல இறக்கலாம். ஈயக்குண்டு தேவையில்ல."

"உள்ள என்ன, பஞ்சா கல்லா?"

"பஞ்சுதான்," என்றார் யாகப்பன். முகம் சிவந்துவிட்டது. அப்படிக் கேட்ட பெண்ணின் பெயரை அவர் மனதில் குறித்துக்கொண்டார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. இருபது வயதில் திருவிழாக் கூட்டத்தில் தன்னை இடித்துவிட்டுப் போனவனோடு இன்றுவரை பேசாதவர்.

ஜெனோவா குருவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். முடிச்சு இல்லாம எப்படி நிக்கும் டீச்சர்? வலையில கண்ணுக்கு ஒரு முடிச்சு. ஒரு கண்ணை மீன் கிழிச்சாலும் பக்கத்துக் கண் அசையாது. அதுதான் வலை."

"இது வலை இல்லையே."

"நூல்தானே?"

ஜெனோவா குருவியின் வாலில் இருந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. பல்லால் பிடித்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை. பிறகு கத்தரியை எடுத்து வயிற்றில் வெட்டினாள். பஞ்சு வெளியே வந்தது. நூல் விரல் நீளத் துண்டுகளாக அவள் மடியில் விழுந்தது.

யாகப்பன் துண்டுகளைப் பார்த்தார். "மூணு நாள் வேலை," என்றார்.

"ஒரு துண்டுகூட இனி உதவாது," என்றாள் ஜெனோவா. புது நூல்கண்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் கை முடிச்சை விடவில்லை. நாற்பத்தைந்து வருடம் வலை பின்னிய கை. மனம் வேண்டாம் என்று சொன்னாலும் கட்டைவிரல் தானாகவே சுற்றி இறுக்கியது. அவள் ஒவ்வொன்றையும் வெட்டிக் கொடுத்தாள்.

ஒரு மதியம் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யாகப்பன் போகவில்லை.

"தொபியாஸ் மாமா உங்களுக்கு என்ன செஞ்சார்?" என்று ஜெனோவா கேட்டாள்.

"ஊருக்கே தெரியும்."

"ஊர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். நீங்க சொல்லிக் கேட்டதில்ல."

யாகப்பன் ஊசியைக் கீழே வைத்தார். "ஆனி மாசம். தங்கு கடலுக்குப் போயிருந்தோம். பத்து நாள் கடல்லயே தங்கல். அப்பா இறந்துட்டார். மூத்தவன் நான் கடல்ல இருக்கேன். அவன் அடக்கம் செஞ்சிட்டான். அப்பா முகத்தை நான் பாக்கல."

"என்ன காத்து அன்னைக்கு?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"கச்சான். மேக்க இருந்து பலமா அடிச்சது. மூணு நாள் கரைக்கு வர முடியல."

"படகு எங்க நிக்குதுன்னு கரையில தெரியுமா?"

"தெரியாது. வயர்லெஸ் வேலை செய்யல." பிறகு குரலை உயர்த்தினார். "அடக்கம் செஞ்சதைக்கூட விடுங்க டீச்சர். நான் கரை இறங்கின அன்னைக்கு அவன் வந்து நின்னிருக்கணும். அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஐஸ் கம்பெனி வாசல்ல நின்ன ஒருத்தன், பேர்கூட தெரியாதவன், பீடியைக் குடிச்சுக்கிட்டே சொன்னான். அப்பா போன சேதியை அவன் வாயால கேட்டேன்."

ஜெனோவா அவர் கீழே வைத்த ஊசியை எடுத்து நீட்டினாள். "சரி, குருவி எதுக்கு?" என்றாள்.

"அது பிலோமிக்காக."

பிலோமி தொபியாஸின் மனைவி. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் இறந்தாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் மேசையில் தட்டுக்கு ஒரு நூல் குருவி வைப்பாள். அன்று சாயங்காலம் யாகப்பனின் வலைக்கூடத்துக்கு வந்து கதவு ஆணியிலும் ஒன்றைத் தொங்கவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அப்படிப் பத்து வருடம்.

"இந்த வருஷம் அந்த மேசையில குருவி இருக்காது," என்றார் யாகப்பன். "தம்பி தட்டுக்கு ஒண்ணு அனுப்பலாம்னு பாத்தேன். அனுப்புறதோட சரி. போறதா இல்ல."

"அந்தப் பத்தும் எங்க?"

"இருக்கு. பிஸ்கட் டின்னுல." பிறகு கேட்டார். "ஒரு விஷயம் டீச்சர். எதுக்கு அதைத் தலைகீழா தொங்கவிட்டா? வாலை ஆணியில மாட்டி, தலை கீழ பாத்துத் தொங்கும். முதல் வருஷம் வௌவால்னு நினைச்சு விளக்குமாத்தை எடுத்துட்டேன்."

"டின்னைக் கொண்டு வாங்க. பாப்போம்."

மறுநாள் டின் வந்தது. பத்துக் குருவிகளும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தன. ஜெனோவா ஒன்றை எடுத்து வாலைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். பத்தையும் பார்த்தாள்.

"ஒண்ணையும் முடிக்கல," என்றாள்.

"என்னது?"

"கடைசிக் கண்ணி திறந்திருக்கு. அந்தக் கண்ணியைத்தான் ஆணியில மாட்டியிருக்காங்க. தலைகீழா தொங்காம வேற எப்படித் தொங்கும்?" ஒரு குருவியின் நூல் நுனியை அவர் கையில் கொடுத்தாள். "இழுங்க."

"வேண்டாம்."

"இழுங்க மாமா."

யாகப்பன் மெதுவாக இழுத்தார். வால் கரைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என நூல் தடையில்லாமல் ஓடியது. வயிற்றின் பஞ்சு தெரிந்தது.

"போதும், போதும்!"

ஜெனோவா குருவியை வாங்கினாள். அவிழ்ந்த நூலில் துண்டு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே நூல். கொக்கியைப் போட்டு மூன்று சுற்றையும் அப்படியே திரும்பப் பின்னினாள். கடைசிக் கண்ணியைத் திறந்தபடியே விட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

யாகப்பன் திறந்த கண்ணியை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"பத்து வருஷமா இப்படியா இருந்தது? டின் கொஞ்சம் குலுங்கியிருந்தா?"

"நீங்கதான் குலுங்கவிடலையே."

"அவசரத்துல முடிக்காம விட்டுட்டா போல."

"பத்து வருஷமும் அவசரமா?"

"பிறகு எதுக்கு எனக்கு மட்டும் முடிக்காம கொடுத்தா?"

ஜெனோவா தன் பின்னலில் ஒரு சுற்றை முடித்தாள்.

"குருவி பின்ன எனக்குச் சொல்லித் தந்ததே பிலோமி அக்காதான்," என்றாள். "ஒரு ஈஸ்டருக்கு அந்த வீட்டுல சாப்பிட்டேன். எல்லார் தட்டுலயும் குருவி. எல்லாத்துலயும் கடைசிக் கண்ணி திறந்தே இருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் ஆளாளுக்கு அந்தக் கண்ணியில விரலை விட்டுப் பிடிக்கணும். அக்கா ஒவ்வொருத்தர் கிட்டயும் வந்து, விரலை எடுக்கச் சொல்லி, முடிச்சுப் போட்டு நூலை வெட்டுவாங்க. அதுக்குப் பிறகுதான் சோறு."

"சரி."

"தொபியாஸ் மாமாவுக்குப் பக்கத்துல ஒரு தட்டு. ஆள் இல்ல. அந்தக் குருவியை அக்கா தொடல. சாயங்காலம் அப்படியே எடுத்துட்டு எங்கேயோ போனாங்க."

யாகப்பன் டின்னின் மூடியைத் தடவினார்.

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"அந்தத் தட்டுல முதல்ல கறி வச்சது அவர்தான்."

"அதை எங்கிட்ட வந்து சொல்ல அவனுக்கு வாய் இல்லையா?"

"எனக்கென்ன தெரியும் மாமா? அன்னைக்கு எனக்கு ஆட்டுக்கறிதான் முக்கியம்."

யாகப்பன் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். வலக்கைக் கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார்.

"காயமா?" என்று ஜெனோவா கேட்டாள்.

"இல்ல. இந்த விரல்தான் முடிச்சுப் போடுது. கட்டி வச்சிருக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

குருத்தோலை ஞாயிறு அன்று தலை வந்தது. பெரிய வியாழன் அன்று வயிறு வந்தது. அது கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் பருத்து, வயிறு முட்டத் தின்ற குருவி மாதிரி இருந்தது. ஆனால் அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது.

ஈஸ்டர் காலையில், பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, யாகப்பன் ஜெனோவாவின் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. கையில் குருவி. வாலின் கடைசிக் கண்ணியில் கொக்கி ஊசி.

"எல்லாம் ஆச்சு டீச்சர். கடைசி முடிச்சை மட்டும் எப்படிப் போடணும்னு சொல்லித் தாங்க."

"அதை அக்கா எனக்குச் சொல்லித் தரல. மேசையில உட்கார்ந்த பிறகு போடுறது அது."

"எனக்குத் தெரிஞ்ச வலை முடிச்சையே போட்டிரவா?"

"போடலாம். போட்டா அது உங்க குருவி. தொபியாஸ் மாமாவோடது ஆகாது."

யாகப்பன் போடவில்லை.

"ஊசி கூடத்துச் சொத்து," என்றாள் ஜெனோவா. கண்ணியிலிருந்து கொக்கியை உருவினாள். கண்ணி நழுவுவதற்குள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அதற்குள் நுழைத்தாள். "விட்டா ஓடிரும்."

யாகப்பன் விரலை நீட்டியபடி நின்றார். விரல் நுனியில் குருவி தலைகீழாகத் தொங்கியது.

"ஒரு ஊக்கு இருந்தா தாங்க. இதுல மாட்டிக்கிடுதேன்."

அவள் சேலைத் தோளில் ஓர் ஊக்கு வெயிலில் மின்னியது.

"இல்ல," என்றாள்.

யாகப்பன் அந்த ஊக்கைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். கிழக்குத் தெரு அங்கிருந்து நான்காவது திருப்பம்.

"யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிரலாம்னு இருந்தேன் டீச்சர்."

"குருவியைக் கொடுத்து அனுப்பலாம்," என்றாள் ஜெனோவா. "விரலை எப்படி அனுப்புவீங்க?"