விளம்பரம் வராத கோல்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் பேரின்பநாதன். அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய்க்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். இருந்தாலும் கதையில் ஓரிடம் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டே இருந்தது. குறை கதையிலா என்னிலா என்று யோசித்துத் தூக்கம் கெட்ட நாட்களும் உண்டு.

மெல்பேணில், டண்டினோங் பக்கம், ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். பேரின்பநாதனுக்கு ஒரு மகன். குணசிங்கம் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். ஆகவே சட்டம் தெரிந்தவர். சோமாஸ்கந்தனிடம் கடன் அட்டை இருந்தது.

மகன் சேயோன் அந்த நாட்டு ஃபுட்போல் ஆடுகிறவன். முட்டை மாதிரிப் பந்து, நாலு கம்பம். நடுவில் நிற்கும் உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி; கம்பத்தடி நடுவர் இரண்டு கொடியை ஆட்டுவார். குறி தவறி ஓரத்துக் கம்பத்துப் பக்கம் போனாலும் ஒரு புள்ளி.

“பிழைவிட்டவனுக்கும் புள்ளி குடுக்கிற நாடு,” என்றார் குணசிங்கம். “அதாலதான் எங்களுக்கு விசா தந்தவங்கள்.”

சேயோன் சின்னவனாக ஆடிய காலமெல்லாம் பேரின்பநாதனுக்குச் சனிக்கிழமைகளில் பேக்கரி வேலை. பிள்ளை பந்தை உதைத்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஓய்வுபெற்றதும், ஆட்டம் விளங்கட்டும் என்று தொலைக்காட்சியில் இலவசச் சனலில் பார்க்கத் தொடங்கினார். மற்ற இருவரும் கூட இருந்தார்கள்.

“அப்பா, இலவசம் எண்டு ஒண்டும் இல்லை. விளம்பரத்தைப் பாக்கிறதுதான் நீங்கள் குடுக்கிற விலை,” என்று சேயோன் ஒருமுறை சொல்லிவைத்தான்.

மூவரும் நேர்மையானவர்கள். விளம்பரம் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள், வாயில் இருப்பதை மெல்லமாட்டார்கள். கழிவறைக்குப் போவது ஆட்டம் நடக்கும்போது மட்டும். காப்புறுதி விளம்பரத்தின் நடுவே ஒருநாள் தும்மிய குணசிங்கம், அதே விளம்பரம் மறுபடி வரும்வரை சாப்பிடவில்லை.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஒரு விளம்பரம் வந்தது. பேரின்பநாதன் அதைக் கவனித்தார்.

“கோல் எண்டு ஆர் தீர்மானிக்கிறது?”

“நடுவர்.”

“நடுவருக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?”

குணசிங்கம் கண்ணை மூடி யோசித்தார். “விளம்பரக்காரர்.”

“அப்ப?”

“அப்ப விளம்பரம் வந்தால்தான் கோல்.”

இப்படியிருக்க, சேயோனைப் பெரிய அணியில் முதல் தடவையாக எடுத்தார்கள். ஆட்டம் பேர்த் நகரத்தில். விமானத்தில் ஏறினால் தகப்பனுக்குக் காது அடைக்கும். மகன் தொலைபேசியில் சொன்னான்: “அப்பா, இது இலவசச் சனலில வராது. காசு கட்டினவைதான் பாக்கலாம்.”

“அப்ப மூண்டு பேரும் சேர்ந்து கட்டுவம்,” என்றார் பேரின்பநாதன்.

“கட்டலாம். ஆனால் ஆட்டத்தில நாலு கால்பகுதி இருக்கு காணும். ஆளுக்கொண்டு பாத்தால் மிச்சம் ஒண்டு ஆருக்கு?” என்றார் குணசிங்கம்.

“சேயோன் ஆரின்ரை பங்கில வருவான் எண்டும் தெரியாதே,” என்றார் சோமாஸ்கந்தன்.

கடைசியில் அட்டை வைத்திருந்த சோமாஸ்கந்தனே கட்டினார். ஆகவே அவர் மட்டும் பார்க்கலாம். சனிக்கிழமை மற்ற இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பக்கத்து யன்னல் கண்ணாடியில் படம் தெரிந்துவிடும் என்று குணசிங்கம் அதற்குப் பத்திரிகை ஒட்டினார். பேரின்பநாதன் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அது தானாகத் திரும்பப் பார்த்தது.

“சேயோன் நிக்கிறானோ?”

“நிக்கிறான்.”

“என்ன செய்யிறான்?”

“அதுதான் சொன்னனே, நிக்கிறான். பொறும், ஓடுறான். பந்தைப் பிடிச்சிட்டான். உதைக்கிறான். உயரக் கம்பத்துக்கு நடுவால போகுது!”

பேரின்பநாதன் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “விளம்பரம் வருதோ?”

சோமாஸ்கந்தன் காத்திருந்தார். “இல்லை ஐசே. எல்லாரும் வந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாங்கள்.”

“ஆறுதல் சொல்லுறாங்கள்,” என்றார் குணசிங்கம், சுவரைப் பார்த்தபடி.

“கம்பத்தடியில ஒருத்தன் ரெண்டு கொடியைப் போட்டு ஆட்டுறான்.”

“வெளியில போகச் சொல்லுறான்.”

பேரின்பநாதன் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சேயோன் இன்னொரு பந்தையும் அதே வழியாக அனுப்பினான். அதற்கும் விளம்பரம் இல்லை. தகப்பனின் தோள் குலுங்கத் தொடங்கியது.

பொறுக்க முடியாமல் சோமாஸ்கந்தன் கட்டணச் சனலுக்குத் தொலைபேசி எடுத்தார். “காசையும் வாங்கிப்போட்டு விளம்பரத்தைக் காட்டாமல் விடுறீங்களே, நியாயமோ?”

ஆட்டத்தின் நடுவே விளம்பரம் போடாமல் இருப்பதற்குத்தான் அந்தக் காசு என்று ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள்.

“விளங்கிச்சுதோ?” என்றார் சோமாஸ்கந்தன், தொலைபேசியை வைத்துவிட்டு. “கோல் விழாமல் பண்ணுறதுக்குத்தான் காசு வாங்குறாங்கள்.”

ஆட்டம் முடிந்து சேயோன் அழைத்தான். “அப்பா, பாத்தனீங்களோ?”

“கேட்டனான் மகன். கவலைப்படாதை. அடுத்த முறை பாப்பம்.”

“அப்பா, ரெண்டு கோல் அடிச்சனான்!”

பிள்ளை தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான் என்று நினைத்துத் தகப்பன் விம்மினார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சோறு தொடவில்லை.

ஞாயிறு பின்னேரம் இலவசச் சனலில் செய்தி போனது. காசு கட்டாதவர்களும் பார்க்கலாம் என்பதால் மூவரும் முன்னால் இருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் திரையில் சேயோன். துள்ளினான், பிடித்தான், உதைத்தான். பந்து உயரக் கம்பங்களுக்கு நடுவே போனது. உடனே செய்தி நின்று மெத்தை விளம்பரம் வந்தது.

“கோல்!” என்று அலறினார் பேரின்பநாதன். மூவரும் கட்டிப்பிடித்து, ஆனாலும் கண்ணை எடுக்காமல், அந்த மெத்தையைக் கடைசிவரை பார்த்தார்கள். பிறகு அவர் மகனை அழைத்தார். “மகன், இப்ப அடிச்சிட்டாய்! என்ரை கண்ணால கண்டன்!”

“அப்பா, நான் இப்ப தலைமயிர் வெட்டிக்கொண்டிருக்கிறன்.”

“அதுக்கென்ன! கோல் விழுந்திட்டுது!”

போன மாதமும் இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. இனியும் பொறுப்பதில்லை என்று, இத்தனை வருஷமும் கேட்காமல் வைத்திருந்ததை நான் கேட்டேவிட்டேன்:

“அண்ணை, சனிக்கிழமை உதைச்ச பந்து, ஞாயிறு பின்னேரம் வரைக்கும் எங்க நிண்டது?”