மோட்டார் மானியமும் ஒற்றைவரிக் கடிதமும்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் புதியதைப் பொருத்தும் தொழிற்கூடங்களுக்கு அரசு மானியம் உண்டு. அதை வழங்கும் அலுவலகத்தில் செண்பகவல்லி தற்காலிக எழுத்தர். கோப்புகளை அகரவரிசையில் அடுக்குவதையே பெரிய வீரம் என்று நினைத்திருந்தவள்.

இயக்குநர் சௌந்தரபாண்டியன் அவளை அழைத்தார்.

"மனு போட்ட நாப்பது கம்பெனியும் நம்ம மானியத்தாலதான் மோட்டார் மாத்துதுன்னு ரெண்டு வாரத்துல நிரூபிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாதும்மா."

மானியமே இல்லாவிட்டால் ஒருவர் என்ன செய்வார் என்பதை எப்படி நிரூபிப்பது? அவ்வாண்டுப் பணம் வர ஆறு மாதம் ஆகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதையே கடிதமாக்கினாள்: "மானியம் ஆறு மாதம் தாமதமாகும், விரும்புவோர் அதுவரை காத்திருக்கலாம்." இயக்குநர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கையெழுத்திட, கடிதம் நாற்பது கம்பெனிகளுக்கும் போயிற்று.

முப்பத்தேழு கம்பெனிகள், "மானியத்துக்காகக் காத்திருக்கவில்லை, மோட்டாரை எப்போதோ வாங்கிவிட்டோம்" என்று எழுதின. ஒரு மாவு மில், ஒரு சலவைக்கூடம், ஒரு ஐஸ் தொழிற்சாலை ஆகிய மூன்று சிறு தொழிற்கூடங்கள் மட்டுமே, "மானியம் வந்தால்தான் எங்களால் முடியும்" என்றன.

துறைச் செயலாளர் முன்னிலையில் இயக்குநர் கொதித்தார். "யாரைக் கேட்டு இந்தக் கடிதத்தை அனுப்பின?"

"நீங்கதான் சார் அனுப்பினீங்க. கீழே கையெழுத்து இருக்கு, பாருங்க."

செயலாளர் சிரித்துவிட்டார். "அப்போ, மூணு பேருக்குத்தான் நம்ம பணம் வேலை செய்யுது!"

பின்னர் முடிவானவை இவை: மானியம் இனிச் சிறு தொழிற்கூடங்களுக்கே. இயக்குநர் படித்த பிறகே கையெழுத்திடுவார். செண்பகவல்லிக்கு ஓராண்டுப் பணி நீட்டிப்பு உண்டு. ஊதிய உயர்வு இல்லை. நீட்டிப்பு உத்தரவு வருமுன்பே அவள் திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்து அமர்ந்துவிட்டதால், உயர்வு கொடுக்காவிட்டாலும் வருவாள் என்பது அவளுடைய முறைப்படியே நிரூபணமாயிற்று.