பாஸ்போர்ட் கேட்டு வந்த ஆபீசர்

இருட்டியபின் கதவில் ஏதோ கரகரவென்று உரசியது. ஆப்பிரிக்காவில் ஓர் எல்லையூர். மலிவுக்காகப் பிடித்த லாட்ஜ். கணவர் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கப் போயிருந்தார். மடியில் கைக்குழந்தை. துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போடப் பார்த்தேன்; நகரவேயில்லை.

தொப்பிக்காரன் ஒருவன் தடியால் கதவைத் தள்ளினான்.

“இமிக்ரேஷன் ஆபீசர். பாஸ்போர்ட்டைக் கொடு. இல்லாவிட்டால் குழந்தையோடு லாக்கப்தான்!”

பாஸ்போர்ட் குழந்தைக்கு விரித்த துணிக்கடியில் இருந்தது.

“ஐயோ சார், இப்போதுதானே உங்கள் மேலதிகாரி வாங்கிப் போனார்! முன்வாசல் ரிசப்ஷனில் டீ குடிக்கிறார். போலி ஆபீசர் ஒருவன் சுற்றுகிறானாம், வந்தால் கத்தச் சொன்னார். நல்லவேளை, நீங்களே வந்துவிட்டீர்கள். அவரைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் மேடம், வேண்டாம். நானே போய்ப் பார்க்கிறேன்.”

பார்க்கப் போன ஆபீசர் பின்சுவரேறிக் குதித்தார்.

கணவர் இன்னும் வரவில்லை. குழந்தையின் தேங்காயெண்ணெய் முழுவதையும் தாழ்ப்பாளில் கவிழ்த்தேன். இழுக்க இழுக்க, கடைசியில் அது துளைக்குள் விழுந்தது.