கணவாய்க்கு வடக்கே ஒரு புள்ளி

ஆறுக்குட்டி ஐயா அட்டைக்கடிக்குப் புகையிலைத் தூளைப் பொட்டலம் கட்டிப் பையில் வைப்பதைப் பார்த்ததும் உதவியாள் நாச்சிமுத்து கைவேலையை விட்டு எழுந்து வந்தான்.

“எங்கேங்க ஐயா, இந்த மழையில?”

“கூடலூர் மலைக்கு.”

மேசைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது. கொம்பு வண்டுகளில் பதினோரு இனம். எது எந்த மலையில் இருக்கிறது என்று இருவரும் ஒன்பது வருடம் அலைந்து வைத்த புள்ளிகள். வளைகொம்பன் இனத்தின் புள்ளிகள் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையில் குவிந்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கணவாயைத் தாண்டி வடக்கே, கூடலூரில்.

அது எப்படி வந்தது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

வண்டுப்பெட்டி திறந்திருந்தால் மின்விசிறி போடக்கூடாது. அந்த வீட்டில் அது சட்டம். சித்திரைப் புழுக்கத்தில் ஒருநாள் போட்டுவிட்டான். பிடித்த ஊரை எழுதி வண்டுக்கடியில் குத்தும் சீட்டு ஒன்று பறந்தது. அலமாரிக்கடியில்கூடத் தேடினான். இல்லை. பத்தொன்பது வருடம் பேருந்து நடத்துநராக ஊர்ப்பெயர் கூவிய வாய். வாயில் வந்த ‘கூடலூர்’ என்பதை எழுதிக் குத்திவிட்டான்.

“போன வாரந்தாங்க அங்க யானை ஒருத்தரை மிதிச்சுது.”

“படிச்சேன்.”

“எழுபத்திரண்டு வயசுங்க உங்களுக்கு.”

“யானை வயசு கேக்காது.”

முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவன் சீட்டில் ஊரை மாற்றி எழுதி, கேட்டபோதும் சரியென்றே சாதித்தான். ஐயா வாசலைக் காட்டினார். நாச்சிமுத்து அப்போது பக்கத்தில் நின்றிருந்தான்.

ஐயா செருப்பை மாட்டினார். குடையை விரித்தார்.

“போகாதீங்க! அந்தச் சீட்டு பொய்யிங்க. தொலைச்சுட்டு நானா எழுதினது.”

வாசலைக் காட்டப்போகும் கையையே பார்த்து நின்றான்.

அந்தக் கை குடையை மடக்கியது. ரப்பரை எடுத்துக் கூடலூர்ப் புள்ளியை அழித்தது.

“முன்னாடியே தெரியுங்களா?”

“வளைகொம்பனுக்குப் பறக்க இறக்கை கிடையாது. அத்தனாம் பெரிய கணவாயைத் தாண்டியிருக்குதுன்னா, யாரோ தூக்கிட்டுப் போயிருக்கோணும்.”

“நான் சொல்லாம இருந்திருந்தா?”

“போய்த் தேடியிருப்பேன்.”

“இல்லாத வண்டையா?”

“சீட்டுல இருந்தது உன் கையெழுத்தாச்சே.”