தூண் மறைவில் ஓர் இலை

“சட்டைநாதனை இன்றே அனுப்பிவிடுங்கள், சுவாமி.”

பூசை முடித்துத் திருநீற்றுப் பேழையை மூடிக்கொண்டிருந்த குருநாதர் நிமிரவில்லை.

சொன்னவன் மாசிலாமணி. ஆற்றங்கரைத் திருமடத்துக் கல்லூரியில் ஆறாண்டுகளாகத் திருமுறை பயில்பவன். மாணவர் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவனுடையது. ஒருநாளும் விதி வழுவாதவன். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் அவனை ‘மணிக்கூண்டு’ என்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அதில் சிறிது பெருமையும் உண்டு.

அக்கல்லூரியில் உணவும் ஒரு வழிபாடு. பந்தியில் அமர்ந்தபின் பேசலாகாது. கையசைத்துக் கேட்கலாகாது. இலையில் வந்ததே இறைவன் தந்தது.

வாய் திறந்தவன் உண்ணாமல் எழவேண்டும். மறுநாள் வரை பட்டினி. காரணம் சொல்லி வாதாடவும் கூடாது. ஒரு திங்களுக்குள் மூன்று முறை பேசியவன் கல்லூரியை விட்டே போகவேண்டும்.

சட்டைநாதன் இரண்டு முறை பேசியிருந்தான். அமாவாசை பிறந்தால் பழைய வழுக்கள் நீங்கிவிடும். அதற்குள் இன்னும் ஒரே ஒரு பந்தி இருந்தது.

“மூன்றாம் முறை இன்னும் பேசவில்லையே” என்றார் குருநாதர்.

“பேசுவான், சுவாமி. அடங்காத நாக்கு.”

சட்டைநாதனுடைய ஊர்க்கோயிலில் ஓதுவார் இல்லாமல் பதினோராண்டு ஆயிற்று என்பதையும், ஊரே கூடி அவனை அனுப்பிவைத்தது என்பதையும் குருநாதர் நினைவூட்டினார். விதிக்கு ஊர் தெரியாது என்றான் மாசிலாமணி.

“அப்படி என்ன பேசினான்?”

மாசிலாமணி சற்றுத் தடுமாறினான். அவன் அமர்வது பந்தியின் முதலிலையில். அங்கிருந்து அவன் காதில் குரல்தான் விழுந்தது, சொல் விழவில்லை.

“விதி அதைக் கேட்கவில்லை, சுவாமி. பேசினானா என்றுதான் கேட்கிறது.”

குருநாதர் தலையசைத்தார். பிறகு, அன்று நண்பகல் அவன் முதலிலையை விட்டுக் கடைசி இலையில் அமரவேண்டும் என்றார். கடைசி இலை, தறியை விட்டு நாற்பது வயதில் படிக்கவந்த ஒரு நெசவாளருடையது. இன்று அவர் முதலிலைக்கு வரட்டும்.

அதற்கு அடுத்த இலை சட்டைநாதனுடையது. அருகிருந்து பிடிக்கச் சொல்கிறார் என்று மாசிலாமணி எண்ணிக்கொண்டான்.

நண்பகல் மணி அடித்தது.

கடைசி இலை ஒரு பருத்த கல்தூணின் மறைவில் கிடந்தது. அத்திங்கள்தான் நெசவாளர் வந்து சேர்ந்தார். அதுவரை பந்தி தூணோடு முடிந்திருந்தது.

மாசிலாமணி வந்து அமர்ந்ததைச் சட்டைநாதன் கண்டான். அவன் முகம் வெளுத்தது.

முதிய பரிசாரகர் சோற்று வாளியோடு வரிசையாக வந்தார். சட்டைநாதனின் இலையில் சோறு விழுந்தது. தூணருகே வந்ததும், பல்லாண்டுப் பழக்கம் அன்றும் மேலெழ, அவர் திரும்பிவிட்டார்.

மாசிலாமணியின் இலையில் தெளித்த நீர் மட்டும் மின்னியது.

குருநாதர் பதிகம் சொல்லி முடித்தார். பந்தி உண்ணத் தொடங்கியது.

சட்டைநாதன் உண்ணவில்லை. வெறும் இலையைப் பார்த்தான். விலகிப் போகும் பரிசாரகரின் முதுகைப் பார்த்தான். மறுபடி இலையைப் பார்த்தான்.



மாசிலாமணியும் குனிந்து தன் இலையைப் பார்த்தான். இதன் முன்தான் நெசவாளர் கைகட்டி அமர்ந்திருந்தார். சட்டைநாதன் பேசிய அந்த இரண்டு நாளும் காதில் விழாத சொல் இப்போது விழுந்தது போல் இருந்தது.

சட்டைநாதனின் உதடுகள் பிரிந்தன.

“பேசாதே, சட்டைநாதா.”

கூடம் முழுதும் கேட்டது அந்தக் குரல். உண்ட கைகள் இலையிலேயே நின்றன. முதலிலையிலிருந்து நெசவாளர் எட்டிப் பார்த்தார்.

மாசிலாமணி எழுந்தான். வெறும் இலையை மடித்தான். யாரையும் பாராமல் வெளியேறினான். பரிசாரகர் பதறி வாளியோடு தூணருகே திரும்பியபோது இலையும் இல்லை, ஆளும் இல்லை.

மாலை வழிபாட்டுக்குப் பின் அன்றைய வழுக்களைச் சொல்லும் வேளை வந்தது. சொல்லவேண்டியவன் மாசிலாமணி. வெறும் வயிற்றோடு அவன் எழுந்து நின்றான்.

“இன்று பந்தியில் பேசியவர் யார்?” என்றார் குருநாதர்.

“அடியேன்.”

“வேறு யாரேனும்?”

“இல்லை, சுவாமி.”

குருநாதர் பேழையைத் திறந்து ஒவ்வொருவருக்கும் திருநீறு அளித்தார். சட்டைநாதனுக்கும் அளித்தார். எல்லாரும் கலைந்தார்கள். மாசிலாமணி மட்டும் நகரவில்லை.

“நான் என்ன பேசினேன் என்று கேட்கமாட்டீர்களா, சுவாமி?”

“விதி அதைக் கேட்கவில்லையே, மாசிலாமணி.”